ரன்னர் பொன்னுசாமி கேட்ட ஒரு மார்கழி

தை பிறந்து நான்காம் நாள் காலை, பெரம்பலூரில் என் மகன் வீட்டு வாசலில் தபால்காரர் ஒரு கார்டை நீட்டினார். ஜெயங்கொண்டத்தில் இருக்கும் பொன்னுசாமியின் மருமகப்பிள்ளை எழுதியிருந்தார். "மாமா மார்கழி கடைசியில் காலமாகிவிட்டார்கள். விடியற்காலையிலேயே உயிர் பிரிந்திருக்க வேண்டும் என்கிறார்கள். கதவை யாரும் தட்டாததால் உச்சிவேளைக்குத்தான் தெரிய வந்தது." இவ்வளவுதான். சாவுச் செய்தி வந்த கார்டைப் படித்ததும் கிழித்துப் போடுவது வழக்கம். நானும் கிழித்தேன். கிழித்த பிறகு சரியாகத்தான் படித்தோமா என்று சந்தேகம் வந்து, துண்டுகளைப் பொறுக்கி வாசற்படியில் ஒன்றுசேர்த்து வைத்துப் பார்த்தேன். மருமகள் வந்து, "என்ன மாமா தேடறீங்க?" என்று கேட்டாள்.

கதவை யாரும் தட்டவில்லை என்பதை வெளியூர்க்காரர்கள் கேட்டால் நம் ஊரைக் காறித் துப்புவார்கள். தனியாக இருந்த வயதான மனிதரை உச்சிவெயில் வரை எட்டிப் பார்க்க ஆளில்லையா என்பார்கள். ஆனால் நம் வாசகசாலையின் கையெழுத்துப் பத்திரிகையில் இதைப் படிக்கப்போகும் உங்களில் பெரும்பாலோருக்குக் காரணம் தெரியும். மார்கழியில் அவர் கதவைத் தட்டுவதில்லை என்று ஊரே சேர்ந்து அவருக்கு வாக்குக் கொடுத்திருந்தோம். நான் முதலில் கொடுத்தேன். ஊருக்குப் புதிதாக வந்தவர்களும், மருமகள்களாக வந்த பெண்களும் இதை அறியமாட்டார்கள் என்பதால் ஆரம்பத்திலிருந்து சொல்கிறேன்.

பொன்னுசாமி தபால் இலாகாவில் ரன்னர். நம் ஊர், அரியலூரிலிருந்து செந்துறை போகும் சாலையில் ஆறாவது மைலில் இருக்கிறது. விடிவதற்கு முன்பே நம் ஊர்த் தபால் பையை எடுத்துக்கொண்டு அவர் அரியலூருக்கு நடப்பார். ரயிலில் வந்த தபாலை அங்கே பிரித்து, நம் ஊருக்கானதைப் பையில் போட்டு அரக்கு முத்திரை வைத்துக் கொடுப்பார்கள். அதைச் சுமந்துகொண்டு பத்து மணிக்குள் திரும்ப வேண்டும். கையில் சலங்கை கட்டிய கம்பு, தோளில் பை. இப்படி முப்பத்தொரு வருஷம். நான் ஆரம்பப் பள்ளி உபாத்தியாயர்; பள்ளிக்கூடத்தின் ஒரு மூலையில் இருந்த தபால் ஆபீசும் என் பொறுப்பு. இலாகா முறைப்படி நான் மேலே, அவர் கீழே. வயதில் அவர் என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். அப்படியும் நான் அவரை 'நீ' என்றுதான் பேசினேன். அவர் 'சார், சொல்லுங்க சார்' என்பார். இப்போது எழுதும்போது கை தானாகவே 'அவர்' என்று எழுதுகிறது. இந்த மரியாதை அவர் உயிரோடு இருந்தபோதே வாயில் வந்திருக்கலாம்.

நான் கறாரான ஆள். அது உங்களுக்கும் தெரியும், என்னிடம் அடி வாங்காதவர்கள் நம் ஊரில் குறைவு. பத்து மணி என்றால் பத்து மணி. ஒரு மார்கழியில் பனியோடு தூறலும் சேர்ந்துகொண்ட நாள். பொன்னுசாமி பத்தரைக்கு வந்தார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டியது, தாடை தாளம் போட்டது. பள்ளிப் பிள்ளைகளுக்கு எதிரிலேயே, "மணி பாக்கத் தெரியுமா உனக்கு?" என்று கத்தினேன். அவர் தோளிலிருந்த மூட்டையை இறக்கினார். அவருடைய ஒரே கம்பளி அந்தப் பையைச் சுற்றியிருந்தது. உள்ளே கடுதாசிகள் மடிப்புக் கலையாமல் காய்ந்து கிடந்தன. நான் கடுதாசிகளை எண்ணிச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டேன். மன்னிப்புக் கேட்கவில்லை. அந்த நாளில் மேலே இருப்பவன் கீழே இருப்பவரிடம் மன்னிப்புக் கேட்கும் வழக்கம் இல்லை, எனக்கு அது தோன்றவும் இல்லை.

பள்ளியின் அடுப்படியில் அவருக்குக் கொஞ்சம் நெருப்புக் காய இடம் கொடுத்தேன். உள்ளங்கைகளை நெருப்புக்குக் காட்டிக்கொண்டே அவர் சொன்னார்: "சார், எனக்கு ஒரே ஒரு ஆசைங்க. ஒரு மார்கழியாவது வூட்டுக்குள்ள குந்திக்கிட்டுப் பாக்கணும்."

"வீட்டுக்குள்ள என்னய்யா இருக்கு பாக்க?" என்றேன்.

"அதாங்க தெரியல. எல்லாரும் கம்பளியப் போத்திக்கிட்டு உள்ளார கெடக்காங்களே, அங்க என்னதான் இருக்குன்னு நான் பாத்ததே இல்லியே."

நான் சிரித்தேன். எனக்குக் குளிர்காலம் என்றால் விடிகாலையில் ஏரியில் முழுக்குப் போட்டு, ஈர வேட்டியோடு விறுவிறுவென்று வீடு திரும்புவது. குளிருக்குப் பயந்து உள்ளே கிடப்பவர்களைக் கண்டால் எனக்கு இளப்பம். அதைப் பெருமையாக எல்லோரிடமும் சொல்லிக்கொண்டும் திரிந்தேன்.

யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது அவருக்கு வயதாகிவிட்டது என்று இலாகா ஓய்வு கொடுத்தது. அப்போது அவர் மனைவி இறந்து சில வருஷம் ஆகியிருந்தது. ஒரே மகள் செல்லம் ஜெயங்கொண்டத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். ஓய்வு பெற்ற ஐப்பசி மாதத்தில் அவர் முதலில் செய்த காரியம், கடப்பாரையை எடுத்து வீட்டின் கிழக்குப் பக்கத்து மண்சுவரில் ஓட்டை போட்டது. நம் ஊர்ச் சிறு வீடுகளில் அப்போது ஜன்னல் ஏது? ஊரே வேடிக்கை பார்த்தது. குளிர் உள்ளே வருவதற்கு ஒரு மனுஷன் வழி வெட்டிக் கொடுக்கிறானே என்றார்கள். "என்னய்யா இது, லெட்டர் போடற ஓட்டையா?" என்று கேட்காத ஆளில்லை. அவர் பாட்டுக்கு வேலையைப் பார்த்தார். ஒரு முழ அகலத்துக்கு மரச்சட்டம் வைத்து, ஒற்றைக் கதவு போட்டு, அதன் அருகே கயிற்றுக் கட்டிலை இழுத்துப் போட்டுக்கொண்டார். ஜன்னலுக்கு எதிரே அவரைப் பந்தல், அதற்கப்பால் சோளக்கொல்லை, அதற்கும் அப்பால் அரியலூர்ச் சாலையின் புளியமரங்கள்.

மார்கழி பிறந்தது. முதல் நாளோ இரண்டாம் நாளோ, வெயில் ஏறியும் பொன்னுசாமி வீட்டுக் கதவு திறக்கவில்லை. முப்பது வருஷமாக ஊரில் முதலில் எழுந்த மனிதர். பக்கத்து வீட்டு அஞ்சலை கூப்பிட்டுப் பார்த்திருக்கிறாள். பதில் இல்லை. நம் பக்கத்தில் விடிந்தும் கதவு திறக்காத வீட்டுக்கு ஒரே அர்த்தம்தான். அவள் தலையில் கை வைத்துக்கொண்டு தெருவில் ஓடிவந்தாள். சற்று நேரத்தில் வாசலில் இருபது பேர். நானும் பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டுப் போனேன். "பொன்னுசாமி! பொன்னுசாமி!" என்று கதவை இடித்தேன். உள்ளே சத்தமில்லை. இருந்த பதற்றத்தில் கிழக்குப் பக்கத்து ஜன்னல் யாருக்கும் நினைவுக்கு வரவில்லை. இரண்டு பெண்கள் ஒப்பாரியே ஆரம்பித்துவிட்டார்கள். நான்கு பேர் சேர்ந்து கதவை அது சுழலும் குடுமியோடு நெம்பிக் கழற்றினார்கள்.

உள்ளே பொன்னுசாமி கம்பளியைப் போர்த்திக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு சட்டியில் நெருப்புத் துண்டங்கள், கையில் சுக்குக் காப்பி. எங்களைத் திரும்பிப் பார்த்த அந்த முகத்தை நான் மறக்கமாட்டேன். அவர் கோபப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"ஏங்க, சன்னல்ல கரிச்சான் வந்து குந்தியிருந்துச்சு. பறந்துடும்னுதான் வாயத் தொறக்காம இருந்தேன். வெரட்டி விட்டுட்டீங்களே!"

"செத்துப் போயிட்டீங்கன்னு நெனச்சோம்ணே!" என்று அஞ்சலை அழுகையும் சிரிப்புமாகச் சொன்னாள்.

"முப்பத்தோரு வருசம் கழிச்சுக் கெடச்ச மொத மார்கழி. கதவப் பேத்துட்டு வந்து செத்துட்டியான்னு கேக்கறீங்க."

சிரித்துச் சிரித்து எல்லோருக்கும் வயிறு வலித்தது. கழற்றிய கதவை மாட்டிக் கொடுத்துவிட்டு, இனிமேல் பனிக்காலத்தில் நீயாகத் திறக்கும்வரை யாரும் தட்டமாட்டோம் என்று நான் சொன்னேன். சுற்றி நின்றவர்களும் ஆமாம் போட்டார்கள். கேலியாக ஆரம்பித்தது, பிறகு ஊர் வழக்கமாகவே ஆகிவிட்டது. இந்த வருஷமும் அதையே கடைப்பிடித்தீர்கள். அஞ்சலை இப்போது தன்னையே நொந்துகொள்கிறாள் என்று கேள்விப்படுகிறேன். அவள் வருந்த வேண்டியதில்லை, வாக்கு என்னுடையது.

அந்த முதல் மார்கழி முழுவதும் பொன்னுசாமி பகலில் என்னைத் தேடி வந்து, அன்றன்று பார்த்ததை ஒப்பிப்பார். "பனி வானத்துலேருந்து எறங்கறதில்லீங்க சார், கொல்லைத் தரையிலேருந்து எழும்பி வருது" என்பார். "ரயில் சத்தம் வெயில் காலத்துல காதுக்கே எட்டாது. இப்பப் பக்கத்து வூட்ல ஓடறாப்ல இருக்கு" என்பார். ஒரு நாள் சொன்னது இன்னும் என் காதில் நிற்கிறது: "அந்த ரோட்டுல எத்தன வருசம் நடந்திருக்கேன், ஒரு தடவகூட அதப் பாத்ததில்லீங்க. பூச்சி பொட்டு இருக்குமோன்னு காலுக்குக் கீழயே பாத்துக்கிட்டு நடந்துட்டேன்." வகுப்பு நேரத்தில் வந்து இதையெல்லாம் சொல்கிறாரே என்று நான் பாதி கேட்டும் கேட்காமலும் தலையாட்டுவேன்.

இனி நான் எழுதப்போவதை இதுவரை ஊரில் யாரிடமும் சொன்னதில்லை.

அடுத்த வருஷம் கார்த்திகையில், புதிதாக வந்திருந்த ரன்னர் சொல்லாமல் கொள்ளாமல் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டான். ஆள் இல்லாவிட்டால் நம் ஊர்த் தபால் வாரத்துக்கு ஒரு முறைதான் என்று மேலிடத்திலிருந்து எழுதினார்கள். நம் ஊர்ப் பிள்ளைகள் எத்தனையோ பேர் அப்போது பர்மா எல்லையிலும் இன்னும் எங்கெங்கோவும் இருந்தார்கள். அவர்கள் தாய்மார்கள் தினமும் பத்து மணிக்குப் பள்ளிக்கூட வேம்படியில் வந்து நின்றதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அவர்களிடம், அடுத்த வாரம் வா என்று என்னால் சொல்ல முடியவில்லை. ஒரு சாயங்காலம் பொன்னுசாமி வீட்டுக்குப் போனேன்.

அவர் மார்கழிக்குத் தயாராக இருந்தார். கட்டிலின் கயிற்றை இறுக்கிக் கட்டியிருந்தார், ஜன்னல் சட்டத்துக்கு எண்ணெய் தடவியிருந்தார், ஒரு மூலையில் கரி மூட்டை. விஷயத்தைச் சொன்னேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"எத்தன நாளைக்கு சார்?"

"ஒரு மாசம். அதுக்குள்ள வேற ஆள் வந்துடுவான்."

அது பொய். பங்குனிக்கு முன்னால் ஆள் கிடையாது என்று இலாகா எழுதிய உறை அப்போது என் சட்டைப் பையில் இருந்தது. உண்மையைச் சொன்னால் அவர் மறுத்துவிடுவாரோ என்ற பயம். பிள்ளைகளுக்குப் பொய் சொல்லாதே என்று பாடம் நடத்துகிறவன், கூசாமல் சொன்னேன். மறுநாள் விடியுமுன் சலங்கைச் சத்தம் தெருவில் கேட்டது.

மார்கழி போயிற்று, தை போயிற்று. நடுவில், நான் சொன்ன ஒரு மாதம் முடிந்த அன்று அவர் பையை இறக்கிவிட்டு, சுவரில் தொங்கிய காலண்டரை ஒரு முறை பார்த்தார். நான் தலையைக் குனிந்துகொண்டு முத்திரையைச் சரிபார்த்தேன். அவர் கம்பை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்தப் பனிக்காலம் பூராவும் அந்த ஜன்னல் மூடியே கிடந்தது. அதைப் பற்றி அஞ்சலை கேட்டதற்கு, "நான் இல்லாதப்ப அது யாருக்குத் தொறந்திருக்கணும்?" என்றாராம். தை மாதத்தில் அவருக்கு இருமல் கண்டது. மாசியில் இழுப்பாக மாறியது. பங்குனியில் புது ஆள் வந்தபோது, ஆறு மைலை ஒரே மூச்சில் கடந்தவருக்கு ஆறு வீடு தாண்ட மூச்சு வாங்கியது.

அந்தக் குளிர்காலத்தில் பட்டாளத்துக் கடிதங்கள் ஒரு நாளும் தவறவில்லை. நாலு மாதமாகச் செய்தி இல்லாமல் துரும்பாகிப் போன ஒரு தாய்க்கு, மகன் ஆஸ்பத்திரியில் உயிரோடு இருக்கிறான் என்ற கடிதம் அப்போதுதான் வந்தது. நான் படித்துக் காட்டியதும் அவள் பொன்னுசாமியின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்களில் ஒற்றிக்கொண்டாள். நான் செய்தது சரியா தப்பா என்று என்னை நானே கேட்கும்போதெல்லாம் அந்தக் காட்சியைத்தான் எனக்குச் சாட்சியாகக் கூப்பிட்டுக்கொள்வேன். ஆனால் அதற்கு ஒரு பொய் தேவைப்பட்டிருக்க வேண்டாம். உண்மையைச் சொல்லிக் கேட்டிருந்தாலும் அவர் வந்திருப்பார்.

அதற்குப் பிறகு மூன்று மார்கழிகள் அவர் உள்ளேயே இருந்தார். முதல் வருஷம் விருப்பத்தால் இருந்தவர், இப்போது பனி பட்டால் மூச்சு முட்டும் என்பதால் இருந்தார். ஆனாலும் ரசிப்பதை விடவில்லை. ஏரியிலிருந்து ஈர வேட்டியோடு நான் திரும்பும்போது ஜன்னலிலிருந்து கை காட்டுவார். "உள்ளார வாங்க சார், ஒரு வாய் சுக்குக் காப்பி குடிச்சுட்டுப் போங்க." நான், "சோம்பேறியாக்கப் பாக்கறியா?" என்று கேட்டுவிட்டு நடையைக் கட்டுவேன். உண்மையில், அந்த ஜன்னலுக்கு உள்ளே போய் உட்கார எனக்கு முகமில்லை.

எனக்கும் ஓய்வு வயது வந்தது. தாலுக்கா ஆபீசில் வேலை பார்க்கும் மகன் பெரம்பலூருக்கு அழைத்துக்கொண்டான். புறப்படுவதற்கு முதல் நாள் பொன்னுசாமியிடம் சொல்லிக்கொள்ளப் போனேன். பேச்சை எங்கெங்கோ சுற்றிவிட்டு, கடைசியில் அந்த உறையைப் பற்றிச் சொன்னேன்.

அவர் அமைதியாக, "தெரியுங்க சார்" என்றார்.

"என்ன தெரியும்?"

"அன்னிக்கு உங்க சட்டப் பையில கவரு துருத்திக்கிட்டு இருந்துச்சு. எனக்குப் படிக்கத் தெரியாதுதான். ஆனா இலாகாக் கவரு எதுன்னு தெரியாதா? ஆளு வர்றதா இருந்தா எடுத்துக் காட்டியிருப்பீங்க. காட்டல. அப்பவே புரிஞ்சுபோச்சு."

"தெரிஞ்சுமா போனே?"

"நீங்க பொய் சொல்ற ஆளு இல்ல. சொல்றீங்கன்னா அவ்வளவு முட்டிப்போச்சுன்னு அர்த்தம். வேம்படியில நின்னவங்கள நானும்தானே பாத்தேன்."

"என்மேல வருத்தம் இல்லையா?"

இல்லை என்று சொல்வார் என எதிர்பார்த்தேன். நம் ஊரில் யாரும் அப்படித்தான் சொல்வார்கள். பொன்னுசாமி சொல்லவில்லை.

"இருக்குங்க சார். இல்லாம எப்படி? எனக்கு மிச்சம் இருந்ததே கொஞ்சம் மார்கழிதான். அதுல ஒண்ணு போச்சேன்னு இருக்கு." சிறிது நேரம் மூச்சு வாங்கிவிட்டுத் தொடர்ந்தார். "ஒண்ணு செய்யுங்க. ஒரு மார்கழிக்கு இங்க வாங்க. என்கூட உள்ளார குந்துங்க. ஒவ்வொண்ணாக் காட்டறேன். நான் தனியாப் பாத்துப் பாத்து, சொல்ல ஆளில்லாம கெடக்கு."

வருகிறேன் என்று அவர் கையைப் பிடித்துச் சொன்னேன். அது பொய்யில்லை.

பெரம்பலூரில் முதல் குளிர்காலத்தில் எனக்கு ஒரு காரியம் நடந்தது. விடிகாலையில் கிணற்றடியில் ஒரு குடம் பச்சைத் தண்ணீரைத் தலையில் ஊற்றினேன். அவ்வளவுதான், முழங்கால் இரண்டும் பிடித்துக்கொண்டன. மூன்று நாள் படுக்கை. அதன்பிறகு மருமகள் கிணற்றடிக்கே விடவில்லை. வெந்நீர்தான், வெயில் வந்த பிறகுதான். நாற்பது வருஷப் பெருமை ஒரு குடம் தண்ணீரில் போயிற்று. சால்வையைப் போர்த்திக்கொண்டு அறைக்குள் உட்கார்ந்து எல்லோர்மேலும் எரிந்து விழுந்தேன். நாலைந்து நாள் கழித்து, எரிந்து விழவும் அலுப்பாகி, ஜன்னல் பக்கம் திரும்பினேன். பனியில் தெரு வெள்ளையாக மூடிக் கிடந்தது. ஒரு மாட்டு வண்டி வரும் சத்தம் கேட்டது, வண்டி தெரியவில்லை. வெகு நேரம் கழித்து மாட்டின் கொம்பு மட்டும் தெரிந்தது. அடடா, இதைத்தான் அந்த மனுஷன் வகுப்பு நேரத்தில் வந்து சொல்லிக்கொண்டிருந்தாரா என்று தோன்றியது. அவரைப் பார்க்க வேண்டும் போல் இருந்தது. அந்த வருஷம் கால் இடம் கொடுக்கவில்லை.

அடுத்த மார்கழிக்குக் கட்டாயம் வருகிறேன் என்று எழுதினேன். அஞ்சலையின் மகன் கையெழுத்தில் பதில் வந்தது: "கட்டில் இன்னொன்று கட்டி வைத்திருக்கிறேன். கம்பளி வேண்டாம், வாங்கிவிட்டேன். உடம்பை மட்டும் கொண்டுவந்தால் போதும்." மார்கழி பிறந்தது. பொங்கலுக்குச் சம்பந்தி வீட்டார் வருகிறார்கள், நான் இல்லாவிட்டால் நன்றாக இருக்காது என்று மகன் சொன்னான். தையிலும்தான் பனி இருக்கிறது, பொங்கல் கழித்துப் போகலாம் என்று எனக்கும் பட்டது. அப்படியே கார்டு எழுதிப் போட்டேன். யாராவது கட்டாயப்படுத்தினார்களா என்றால் இல்லை. எப்போதும் அவர் இருப்பார் என்ற நினைப்புத்தான். தை ஆறாம் தேதி புறப்படுவதாக இருந்தேன். பெட்டியில் துணிகூட எடுத்து வைத்தாயிற்று. நான்காம் தேதி அந்தக் கார்டு வந்தது.

பெட்டியை மாற்றவில்லை. அதையே எடுத்துக்கொண்டு மறுநாள் நம் ஊருக்குப் பஸ் ஏறினேன். அப்பா வீட்டிலேயே தங்கியிருந்த செல்லம் என்னைக் கண்டதும் ஓவென்று அழுதாள். "கட்டில்ல குந்தின வாக்குலயே இருந்தாரு சார். கம்பளி தோள்லேருந்து நழுவக்கூட இல்ல. சன்னலப் பாத்துக்கிட்டே போயிட்டாரு" என்றாள். பிறகு என்னை உள்ளே கூட்டிப் போனாள். கதவைப் பெயர்த்த அந்த நாளுக்குப் பிறகு அந்த வீட்டுக்குள் நான் பனிக்காலத்தில் நுழைந்தது அதுதான் முதல் தடவை. ஜன்னலுக்கு இரண்டு பக்கமும் இரண்டு கட்டில்கள். ஒன்றின் கயிறு தொய்ந்திருந்தது. மற்றொன்றின் கயிறு புதுசு, அதன் மேல் பிரிக்காத கம்பளி ஒன்று மடித்து வைத்திருந்தது. "ஒங்களுக்குன்னு வாங்கி வச்சாரு. எங்களக்கூட தொட விடல" என்றாள் செல்லம். நான் அந்தக் கட்டிலில் உட்கார்ந்து அழுதேன். நாலு பேர் பார்க்க அழுகிறவன் இல்லை நான். அன்று யார் இருக்கிறார்கள் இல்லை என்று பார்க்கவில்லை.

அங்கேயே தங்கினேன். மறுநாள் விடிகாலையில் அவர் சொன்னபடியே சுக்குக் காப்பியோடு ஜன்னலருகே உட்கார்ந்தேன். ரயில் சத்தம் வந்தது, பக்கத்து வீட்டில் ஓடுவது போலத்தான் இருந்தது. பனி தரையிலிருந்து எழும்புகிறதா என்று பார்த்தேன், எனக்குப் பிடிபடவில்லை. எங்கே பார்க்க வேண்டும், எப்போது பார்க்க வேண்டும் என்று அவர் பக்கத்திலிருந்து விரல் நீட்டியிருந்தால் தெரிந்திருக்கும். கரிச்சான் வரவில்லை. அரியலூர்ச் சாலையின் புளியமரங்கள் ஒவ்வொன்றாகத் தெளிந்து வந்தன. எத்தனை மரம் என்றுகூட நான் ஒருநாளும் கவனித்ததில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

ஓய்வு பெற்ற பிறகு அவருக்கு வாய்த்தவை ஏழு மார்கழிகள். அதில் ஒன்றை நான் பறித்துக்கொண்டேன். இன்னொன்றில் பங்கு கொடுக்கிறேன் வா என்று அழைத்தார், அதற்கும் போகவில்லை. இதை எழுதுவதால் அந்தக் கணக்கு நேராகிவிடாது என்று எனக்குத் தெரியும். அவரைத் தெரிந்த உங்களிடம் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுதினேன்.

செல்லம் அந்தப் புதுக் கம்பளியை எடுத்துக்கொண்டு போகச் சொன்னாள். எனக்கு மனம் வரவில்லை. அஞ்சலைக்குக் கொடுக்கச் சொன்னேன். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது ஒரு பழக்கம் மட்டும்தான். குளிர்நாளில் விடிந்ததும் எங்கும் போகாமல், எதையும் செய்யாமல், உள்ளே உட்கார்ந்து வெளியே பார்க்கிறேன். வயதாகிவிட்டதே என்ற வெட்கம் இப்போது இல்லை.

நேற்றுக் காலை அப்படி உட்கார்ந்திருந்தேன். எதிர் வீட்டில் அடுப்பு மூட்டியிருந்தார்கள். கீற்றுக்கூரை வழியாக வெளியே வந்த புகை மேலே போகவில்லை. ஈரக் கூரையின் மேலேயே தவழ்ந்து இறங்கி, தாழ்வாரத்து விளிம்பில் கொஞ்சம் தயங்கி நின்று, பிறகு தெருவில் குதித்தது. சூரியன் பட்டதும் அதற்கு ஒரு நீல நிறம் வந்தது. பொன்னுசாமி இதைச் சொன்னதேயில்லை. அவர் ஜன்னலுக்கு எதிரே வீடு கிடையாது, கொல்லைதானே. அவர் பார்த்திருக்கவே முடியாது. கேட்டால் எவ்வளவு சந்தோஷப்படுவார் என்று நினைத்ததும் எனக்குப் பரபரப்பாகிவிட்டது. ஒரு கார்டை எடுத்து, புகை இறங்கியதைப் பற்றி, நீலமானதைப் பற்றி, ஒன்றுவிடாமல் நுணுக்கி எழுதினேன். எழுதி முடித்து, விலாசம் எழுதுவதற்காகக் கார்டைத் திருப்பிய பிறகுதான் அவர் இல்லை என்பது நினைவுக்கு வந்தது.